வெட்டியவன் ஒருவன், முறுக்கியவன் இன்னொருவன்

ஐப்பசி அடைமழைக்கு நடுவில் ஒரு காலை, சின்ன கார் ஒன்றைக் கயிறு கட்டி என் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. வண்டிக்காரர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஷெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு.

“தம்பி, பேட்டரி மாத்திடலாமா? வாரம் ஒரு தடவை கோயிலுக்கு எடுக்கிறதுதான். எடுக்கப் போனாலே செத்துக் கிடக்கு.”

பேட்டரியில் இருந்த தேதியைப் பார்த்தேன். வாங்கிப் பத்து மாதம்தான். வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்ததும் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் காட்டியது. சார்ஜிலும் குறை இல்லை.

“எப்போலேருந்து சார் இப்படி?”

“செட்டு திருட்டுப் போச்சே, அதுலேருந்துதான். ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

ஒன்றரை மாதத்துக்கு முன் நடந்தது அது. தெருவில் நிறுத்தியிருந்த வண்டியின் பின்பக்கச் சின்னக் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறந்து, டேஷ்போர்டின் நடுப்பகுதியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, டச் ஸ்கிரீன் ஆடியோ செட்டை எடுத்துப் போயிருக்கிறார்கள். ஒயர்களைச் சொருகி வைக்கும் கப்ளரைக் கழற்றப் பொறுமை இல்லை. பின்னால் இருந்த ஒயர்க் கட்டு மொத்தத்தையும் ஒரே கடியில் வெட்டிவிட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறார். இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. செட் வெளியில் வாங்கிப் போட்டது, பாலிசியில் அதைத் தனியாகச் சேர்க்கவில்லை. கண்ணாடிக்கு மட்டும் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்று அதையும் கைக்காசிலேயே மாற்றிவிட்டார். கணக்குப் பார்த்தால் அது சரியான முடிவுதான்.

அப்புறம் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் சாதாரண புளூடூத் செட் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததாம். அன்றிலிருந்து என்னென்ன குறை என்று கேட்டேன். வலது பின் ஸ்பீக்கர் பாடவில்லை. சத்தம் கொஞ்சம் கூட்டினால் எல்லாமே நின்றுவிடுகிறது. பாட்டில் கனமே இல்லை, தகர டப்பாவில் பாடுகிற மாதிரி இருக்கிறது. எஃப்.எம். இரைகிறது. முதல் வாரம் சாவியை எடுத்தாலே நேரமும் ஸ்டேஷனும் அழிந்துபோயின. மறுபடி கடைக்குப் போனபோது அதை மட்டும் சரிசெய்துவிட்டார்கள்.

“வேற ஏதாவது சார்? ஆடியோவுக்குச் சம்பந்தம் இல்லாததுன்னாலும் பரவாயில்லை.”

யோசித்தார். “ரூம் லைட் எரியல. பல்பு போயிருக்கும்.”

எனக்கு அந்த ஒரு வரி போதும்.

ஆனாலும் ஊகத்தை வைத்து டேஷ்போர்டைப் பிரிப்பது நல்ல பழக்கம் இல்லை. முதலில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டோம். பிறகு செட்டை மட்டும் வெளியே இழுத்து, ஒயர்களைத் தொடாமல் தொங்கவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்தேன். சாவி கையில், கதவெல்லாம் மூடியாயிற்று. இப்படி மீட்டர் வைத்திருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் போய்விடும், அதனால் சாவி என் பாக்கெட்டில்தான் இருக்கும். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் உறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இருபது நிமிடம் விட்டுப் பார்த்தேன். 0.24 ஆம்பியர்.

நிறுத்தி வைத்த வண்டி 0.05-க்கு மேல் இழுத்தால் விசாரிக்க வேண்டும். இதுவோ ஐந்து மடங்கு. ஒரு நாளைக்கு 5.76 ஆம்பியர்-மணி, இந்த வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. ஆறு நாளில் மொத்தமும் காலி. ஸ்டார்ட்டர் சுற்றாமல் போக அவ்வளவுகூட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் வண்டி செத்துக் கிடந்ததற்குக் கணக்கு சரியாக வருகிறது. செட்டின் முதுகில் இருக்கும் 10 ஆம்பியர் ஃப்யூஸைப் பிடுங்கினேன். மீட்டர் 0.02-க்கு இறங்கியது. பேட்டரி பிழைத்தது.

இனி செட்டுக்குப் பின்னால். அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சுற்றிய ஓர் உருண்டை, தீபாவளி லட்டு அளவுக்கு. வெயிலில் பசை உருகி வழிந்திருந்தது. பிரித்தால் ஒயரோடு ஒயரைக் கையால் முறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லா முறுக்கும் ஒரே இடத்தில், பக்கத்துப் பக்கத்தில். ஷெட்டில் என்னோடு வேலை பழகும் பையன் எட்டிப் பார்த்தான். “அண்ணே, கலர் எதுவும் மேட்ச் ஆகலையே?”

ஆகாது. கடையில் வாங்கும் செட்டுகளுக்கு ஒரு பொது நிற வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் லைவ் (மின்சாரம் இருக்கும் ஒயர்), சிவப்பு சாவி போட்டால் மட்டும் லைவ், கறுப்பு எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேரும் ஒயர்). வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒயர் அந்தந்த ஸ்பீக்கரின் மைனஸ். வண்டிக் கம்பெனிகள் இதை மதிப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வேறு நிறம். இந்த வண்டியில் இருந்த நிறங்களை நான் இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். யாராவது படித்துவிட்டு வேறு வண்டியில் அப்படியே சேர்ப்பார்கள்.

இப்போது ரூம் லைட்டுக்கு வருகிறேன். டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். ரூம் லைட்டுக்கும் ரேடியோவின் நிரந்தர லைவுக்கும் சேர்த்து ஒரே 15 ஆம்பியர் ஃப்யூஸ். அது போயிருந்தது. திருடனின் கட்டிங் பிளேயர் இரும்பு. லைவ் ஒயரையும் எர்த் ஒயரையும் சேர்த்து ஒரே கடியில் வெட்டினால் வாய் இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டுவிடும். ஒரு பொறி, ஃப்யூஸ் காலி. திருடன் கவனித்திருக்கவே மாட்டான்.

மற்ற எல்லாம் அதிலிருந்து தொடங்கியது. கடைக்காரப் பையன் டெஸ்டர் வைத்து நிரந்தர லைவைத் தேடியிருக்கிறான். கிடைத்திருக்காது, ஃப்யூஸ் போனால் ஒயர் செத்த ஒயர்தானே. ரூம் லைட்டைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். அவன் அந்த ஒயரை ‘வேண்டாத ஒயர்’ கணக்கில் டேப்புக்குள் சுருட்டிவிட்டு, செட்டின் மஞ்சள், சிவப்பு இரண்டையும் சாவி லைவிலேயே சேர்த்துவிட்டான். செட் பாடியது. சாவியை எடுத்தால் நினைவு அழிந்தது, ஏனென்றால் நினைவைக் காப்பது மஞ்சள் ஒயர். இரண்டாம் முறை புகார் போனதும் ‘நிரந்தர லைவ்’ தேடி இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும் தடித்த ஒயரைக் கீறி, அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்து, இரண்டையும் அங்கே மாற்றியிருக்கிறான். இப்போது நினைவு அழியவில்லை. பதிலாக, சாவியை எடுத்த பிறகும் செட்டுக்கு ‘சாவி போட்டிருக்கிறது’ என்றே தகவல் போகிறது. சார் பட்டனை அழுத்தி அணைப்பார், திரை இருளும், உள்ளே அது விழித்தே இருக்கும். 0.24 ஆம்பியர் அங்கேதான் போனது.

என்னைப் பயமுறுத்தியது பேட்டரி இறங்கியது அல்ல. அந்த இக்னிஷன் ஒயருக்கு முன்னால் பெரிய ஃப்யூஸ் பெட்டியில் இருப்பது 40 ஆம்பியர் ஃப்யூஸ். இழுத்து வந்த ஒயர் அரை சதுர மில்லிமீட்டர், நடுவில் ஃப்யூஸ் எதுவும் இல்லை. டேஷ்போர்டுக்குள் தகரத்தில் உரசி எங்காவது எர்த் ஆகியிருந்தால், ஃப்யூஸ் போவதற்கு முன் ஒயர் பழுத்து எரிந்திருக்கும். சாரிடம் இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “பேரப்பசங்க முன்னாடி உக்காருவாங்க தம்பி” என்றார்.

நெகட்டிவை மறுபடி கழற்றிவிட்டு எல்லா முறுக்கையும் பிரித்தோம். அதற்கு முன் வேக்குவம் போட்டுக் கண்ணாடித் தூளை எடுத்தோம். கதவுக் கண்ணாடி உடைந்தால் சோளப்பொரி மாதிரி சிதறும். அது டேஷ்போர்டின் பின்னால், ஏசி காற்றுவழிக்குள்கூடப் போய் உட்காரும். ஒயர்க் கட்டுக்கு நடுவில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டால் குலுங்கிக் குலுங்கி இன்சுலேஷனை அறுத்துவிடும். இரண்டு துண்டுகள் அப்படியே கிடைத்தன.

வெட்டிய இடத்தில் வண்டிப் பக்கம் ஆறு ஏழு சென்டிமீட்டர்தான் மிச்சம். அதை வைத்து ஒழுங்காக ஒரு ஜாயின்ட் போட முடியாது. க்ளவ் பாக்ஸைக் கழற்றி, கட்டின் மேல் சுற்றிய துணி டேப்பைப் பின்னோக்கி ஒரு சாண் பிரித்ததும் வேலை செய்ய இடம் கிடைத்தது. பிறகு ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டோம். ஃப்யூஸை மாற்றி, முனைகளை ஒன்றையொன்று தொடாமல் விரித்து வைத்து, நெகட்டிவை மாட்டினேன். சாவி இல்லாமலே 12 வோல்ட் வந்தது நிரந்தர லைவ். ரூம் லைட்டும் எரிந்தது. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் வந்தது சாவி லைவ். பார்க் லைட் போட்டால் மட்டும் வந்தது வெளிச்சத்துக்கான ஒயர். அவசரக்காரர்கள் இதையும் லைவ் என்று பிடிப்பதுண்டு, பிறகு பகலில் செட் பாடாது.

மீட்டர் 12 காட்டினால் போதாது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். அதனால் 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்றை லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டிப் பார்ப்பேன். முழுப் பிரகாசமாக எரிந்தால்தான் நம்பிக்கை. இதைப் பவர் ஒயர்களில் மட்டும்தான் செய்ய வேண்டும். அதே இடத்தில் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயரிங். பல்பு, டெஸ்டர், மீட்டர் எதையும் அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

ஸ்பீக்கர் ஒயர்கள் எட்டு. நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்த்தால் ஜோடிகள் தெரியும்: 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும். ஜோடி இல்லாத இரண்டுக்கு நடுவில் ஒன்றும் காட்டக் கூடாது, வண்டியின் இரும்பு பாடிக்கும் காட்டக் கூடாது. மூன்று ஜோடி கிடைத்தது. நான்காவதில் ஒரே ஒயர். அதன் கூட்டாளி குட்டையாக வெட்டுப்பட்டு டேஷ்போர்டுக்குள் பின்வாங்கிப் போயிருந்தது. டார்ச் அடித்துத் தேடியபோதுதான் அகப்பட்டது. வலது பின் ஸ்பீக்கரின் மைனஸ்.

கடையில் அது கிடைக்காததால் செட்டின் ஊதா-கறுப்பு ஒயரைக் கொண்டுபோய் எர்த்தில் முறுக்கியிருக்கிறார்கள். ‘மைனஸ்தானே, எர்த் போதும்’ என்ற எண்ணம். அந்தக் காலத்து கேசட் செட் பலவற்றில் அது உண்மைதான். இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயருமே ஆம்ப்ளிஃபையரின் வெளிவாய்கள். பாட்டு இல்லாதபோது இரண்டிலும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட் நிற்கும். பாட்டு வந்தால் ஒன்று ஏற மற்றது இறங்கும். அதில் ஒன்றை எர்த்தில் கட்டினால் ஆம்ப்ளிஃபையர் சிப், அதாவது ஐ.சி., நேராக ஷார்ட்டில் ஓடுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது மூச்சை நிறுத்திக்கொள்ளும். சத்தம் கூட்டினால் எல்லாம் நின்றது அதனால்தான்.

எந்த ஜோடி எந்த மூலை, எது பிளஸ் என்பதற்கு ஒன்றரை வோல்ட் பென்சில் செல் போதும். செட் இணைப்பில் இல்லாதபோது ஜோடியின் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டால் ‘டப்’ என்று ஒரு மூலையிலிருந்து சத்தம் வரும். பையன் டார்ச்சோடு அந்த மூலையில் நிற்பான். ஸ்பீக்கரின் நடுக் கூம்பு, அதாவது கோன், வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். உள்ளே இழுத்தால் மறுபக்கம். கதவில் கிரில் மறைக்கும், கண்ணை நெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். செல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். இடது முன் ஸ்பீக்கரைத் தலைகீழாக மாட்டியிருந்தது இதில் தெரிந்துவிட்டது. வலது கோன் வெளியே தள்ளும்போது இடது உள்ளே இழுத்தால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மிஞ்சுவது தகர டப்பா.

இணைப்புக்கு வருவோம். ஈயத்தை உருக்கி வைப்பதா, உலோகக் குழலுக்குள் ஒயரை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் அடிப்பதா என்று எங்கள் தொழிலில் முடியாத சண்டை ஒன்று உண்டு. வண்டிக் கம்பெனிகள் கிரிம்ப்தான் அடிக்கின்றன, உண்மை. ஆனால் அவர்களிடம் அதற்கான மிஷின் இருக்கிறது. நம் ஷெட்டுகளில் பிளேயரால் நசுக்குவதைத்தான் கிரிம்ப் என்கிறோம். அதைவிட நல்ல ஈயம் மேல். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஈயம் ஒயருக்குள் ஊர்ந்துபோன இடம் வரைக்கும் அது கம்பியாக விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் ஒடியும். அதனால் ஜாயின்டுக்கு இரு பக்கமும் ஒயர்க் கட்டை கேபிள் டையால் பிடித்து அசையாமல் வைக்க வேண்டும். ஈயம் ஒட்ட உதவும் பசையான ஃப்ளக்ஸ் ரோஸின் வகைதான். தகர வேலைக்குப் போடும் ஆசிட் ஃப்ளக்ஸ் செம்பை அரித்துவிடும்.

லைவுக்கும் எர்த்துக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர், ஸ்பீக்கர்களுக்கு அரை சதுர மில்லிமீட்டர் என்று புது ஒயர் வைத்து நீட்டினோம். ஜாயின்டை மூடும் குழாயான ஸ்லீவை முதலில் ஒயரில் கோத்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும். சொல்லாமலே தெரிகிற விஷயம், ஆனாலும் பையன் இரண்டு முறை மறந்து இரண்டு முறை பிரித்தான். நான் அவன் வயதில் அதைவிட அதிகம் பிரித்திருக்கிறேன். ஜாயின்டுகள் படிக்கட்டு மாதிரி, ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று வராமல். அப்போதுதான் ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் பக்கத்து ஜாயின்ட் அங்கே இருக்காது, கட்டும் லட்டாகாது. மேலே துணி டேப். கறுப்பு பி.வி.சி. டேப்பை நம் ஊர் வெயிலில் காருக்குள் சுற்றுகிற வழக்கத்தை யாராவது நிறுத்த வேண்டும்.

செட்டின் ஒயரோடு நேராகச் சேர்க்காமல் வண்டிப் பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. கப்ளர் ஒன்றை வைத்துவிட்டேன். பவர் கப்ளரில் 4-வது கால் நிரந்தர லைவ், 7 சாவி லைவ், 8 எர்த். அடுத்து ஐ.எஸ்.ஓ. கப்ளரோடு வரும் எந்த செட் மாட்டினாலும் சொருகினால் போதும், யாரும் ஒயரை வெட்ட வேண்டியதில்லை. சில ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் மட்டும் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும், அங்கே மீட்டர் வைக்காமல் சொருகினால் இதே நினைவு அழியும் கதை திரும்பி வரும். இக்னிஷன் ஒயரில் கீறிய இடத்தை ஈயம் வைத்து ஸ்லீவால் மூடினோம்.

ஆன்டெனா ஒயரையும் வெட்டியிருந்தார்கள். அதைச் சாதாரண ஒயர் மாதிரி முறுக்கியிருந்ததால் நடுக்கம்பியின் மேல் வெளிப்பின்னல் உரசிக்கொண்டிருந்தது. புது பிளக் வைத்து, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பில்லை என்று மீட்டரில் உறுதி செய்ததும் 101.4-இல் ரெயின்போ தெளிவாக வந்தது.

செட்டை மாட்டிப் பாட்டுப் போட்டோம். பேஸ் வந்துவிட்டது, சார் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வலது பின் கரகரத்தது. அந்த ஸ்பீக்கரை வேறு சேனலில் போட்டால் நன்றாகப் பாடுகிறது. நல்ல ஸ்பீக்கரை ஊதாவில் போட்டால் அதுவும் கரகரக்கிறது. ஒன்றரை மாதம் ஷார்ட்டில் ஓடி ஐ.சி.யின் அந்த மூலை போய்விட்டது. திறந்தால் டி.டி.ஏ. 7388, இருபத்தைந்து கால். சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இது கிடைக்கும், போலியும் அங்கேயே கிடைக்கும். எனக்கு ஒயரில்தான் கை ஓடும், போர்டில் ஓடாது. அங்கே செட் பார்க்கிற நண்பரிடம் கொடுத்து மாற்றி வாங்கினேன், மூன்று நாள் ஆனது.

கடைசியாக நெகட்டிவில் மறுபடி மீட்டர் வைத்தேன். 0.02-க்கும் கீழே, 18 மில்லி ஆம்பியர். செட் பாடும்போது அதன் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.04 வோல்ட்தான், எர்த் இணைப்பிலும் குறை இல்லை. பேட்டரி அதேதான், மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து சார் வண்டியோடு வந்தார். சாவியை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறதாம். ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டேஷ்போர்டுக்குள் ஏதோ கிலுங்குகிறது என்றார். குனிந்து கேட்டேன். ஏசி காற்றுவழிக்குள் ஒரு கண்ணாடித் துண்டு, எங்கள் வேக்குவத்துக்குத் தப்பியது. அதை எடுக்க டேஷ்போர்டு மொத்தமும் இறங்க வேண்டும், இரண்டு நாள் வேலை என்று சொன்னேன்.

“இருந்துட்டுப் போகட்டும் தம்பி” என்று செட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.